எவரிஸ்தோ வெளியேறும் சனிக்கிழமைகள்

இலவந்துறையில் மீன் ஏலம் போடுகிற ததேயூசுக்கு ஹெதர்பரோ கால்பந்து அணியின் இடது விங் ஆட்டக்காரன் எவரிஸ்தோ பெனித்தேசைக் கண்ணில் காட்டக்கூடாது என்பது இலவந்துறைக்குத் தெரியும், இலவந்துறைக்காரர்கள் வேலைக்குப் போயிருக்கிற மஸ்கட்டுக்கும் தோகாவுக்கும் தெரியும், சூரைமீன் தேடி ஆழ்கடலில் அலைகிற விசைப்படகுகளுக்கும் தெரியும். எவரிஸ்தோவுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது, அவனுக்கும் தெரியவர வழி பிறந்தது ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கோயிலில் மாலை ஜெபமணி அடித்து முடிந்த பிறகு, ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் கோச் அவனை வெளியே எடுத்தபோது, அவன் யார் முகத்தையும் பார்க்காமல் மைதானத்தின் சுரங்கவழிக்குள் தலை குனிந்து நடந்தபோது, அப்படி நடந்தவன் இலவந்துறை ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது.

ஹெதர்பரோ என்பது இங்கிலாந்தின் வடக்கே மழை விடாமல் பெய்கிற ஓர் ஊர் என்பதற்கு மேல் இலவந்துறையில் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த அணியின் சட்டை நீலமும் வெள்ளையும், இலவந்துறை மாதா கோயில் திருவிழாக் கொடியும் நீலமும் வெள்ளையும். ஓர் ஊர் ஓர் அணியைத் தத்தெடுக்க அது போதாதா என்ன. சனி ஞாயிறுகளில் கடலுக்குப் போகாத ஆண்களும் அடுப்பை அணைத்துவிட்ட பெண்களும் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கிளப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள், பார்த்து முடித்ததும் ததேயூஸ் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருப்பார்கள், ஏனென்றால் ததேயூஸ் சொல்லி முடிக்கும்வரை ஓர் ஆட்டம் முடிந்ததாக அந்த ஊரில் கணக்கில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் கடற்கரைக்குப் போய், காற்று முதுகில் படும்படி நின்று, கடற்கரை முழுக்கக் கேட்கும் அந்த ஏலக்குரலை ஃபோனுக்குள் ஊற்றுவார். அந்தக் குரல் பதிவு ஊர் வாட்ஸப் குழுவுக்குப் போகும், அங்கிருந்து கடல் கடந்து போகும். "ஸ்பெயின் ஆட்டத்துல அந்த நெட்டையன் கோல்கீப்பரப் பாத்தியளா? மதில் மாதிரி நிக்கான், ஆனா மதிலுக்கு அடியில பூனை போற ஓட்டை இரிக்கி" என்பார். "இத்தாலியில அந்த வயசாளி ஓடவே இல்ல, பந்து அவனத் தேடி வருது, கரையில நிக்கவனுக்கு மீன் தேடி வருமானா அவன் புண்ணியவான்" என்பார். ஆனால் எவரிஸ்தோவிடம் வரும்போது குரலில் புளி ஏறும். "செவுள் வெளுத்த மீனு அது. ஐஸ் போட்டு மினுக்கி வச்சி நம்ம தலையில கெட்டியிருக்கான். வெளிய எடுத்தாலும் கூட்டாளிகளோட பெஞ்சில உக்காருவானா, மாட்டான், நேரா உள்ள போயிருவான், மாமியா வீட்டுல சோறு பத்தலன்னு கோவிச்சிட்டுப் போற மருமவன் மாதிரி" என்பார். மஸ்கட்டில் கட்டிலில் படுத்தபடி கேட்கிறவர்கள் சிரித்துச் சிரித்து, அந்த வாரம் முழுவதையும் அந்தச் சிரிப்பில்தான் ஓட்டுவார்கள்.

அப்படிப்பட்ட எவரிஸ்தோ பின்கதவு வழியாக வந்து, எங்கே உட்காருவது என்று பார்த்து, காலியாக இருந்தது ததேயூசுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும்தான் என்பதால் அதில் உட்கார்ந்தான். அவன் தலையிலிருந்து இலவந்துறையில் பெய்யாத மழை சொட்டியது. பூட்சில் இலவந்துறையில் இல்லாத கறுத்த மண்ணும் புல்லும் ஒட்டியிருந்தன. அங்கத்தைய குளிரிலிருந்து இங்கத்தைய புழுக்கத்துக்கு வந்ததால் அவன் தோள்களிலிருந்து கொஞ்சநேரம் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கிளப் செயலாளர் ரெக்சன் திரும்பிப் பார்த்து, "கதவச் சாத்திட்டு வந்திருக்கப்படாதா, கொசு வரும்" என்று சொல்லி எழுந்துபோய்ச் சாத்தினார். ததேயூஸ் அப்போது எவரிஸ்தோவைப் பற்றி ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். ஏலம் போட வந்த நாளிலிருந்து எந்த வாக்கியத்தையும் நடுவில் விட்டிராத அவர், அதை அப்படியே விட்டுவிட்டு டிவியைப் பார்த்தார். டிவியில் எவரிஸ்தோ இல்லாமல் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ததேயூசின் மனைவி மெற்றில்டா ஒரு துவர்த்து கொண்டுவந்து கொடுத்தாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து மீதி ஆட்டத்தைப் பார்த்தான், ஹெதர்பரோ ஒரு கோல் வாங்கியபோது எல்லாரோடும் சேர்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டான், விசில் ஊதியதும் எழுந்து, தலையசைத்து, வந்த கதவு வழியாகவே போனான். கதவுக்கு அந்தப்புறம் துணி துவைக்கிற கல்லும் அதற்கு அப்பால் கடலும்தான் இருந்தன.

அடுத்த நாள் பூசையில் பங்குச்சாமியார் பிரசங்கத்தை முடித்துவிட்டு, அன்பிய ஜெபக்கூட்டத்தின் நேரத்தையும் கோயில் துப்புரவு யார் முறை என்பதையும் அறிவித்ததோடு, கிளப்புக்கு வந்த விருந்தாளி இனியும் வந்தால் அவனைச் சுற்றி மொய்க்க வேண்டாம் என்றும், வேர்த்து வருகிறவனுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றும் அறிவித்தார். சிலர் முந்தின நாளே ஃபோனில் படம் எடுத்திருந்தார்கள். படத்தில் ஈரமான ஒரு நாற்காலியும் பக்கத்தில் வாயைத் திறந்தபடி இருக்கிற ததேயூசும்தான் விழுந்திருந்தார்கள். வெளியாட்களிடம் சொல்வதில்லை என்று ஊர் தானாகவே முடிவெடுத்தது. சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது ஒரு காரணம். நம்பிவிட்டால் வந்து நாற்காலிகளைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது பெரிய காரணம்.

அவன் அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்த வாரம் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கும் வந்தான். கோச் அவனை எப்போது வெளியே எடுக்கிறாரோ அப்போது வந்தான், எடுக்காத நாளில் வரவில்லை, ஆனால் எடுக்காத நாள் அபூர்வமாகவே இருந்தது. அவன் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்பதும் நெடுநாள் நீடிக்கவில்லை. மெற்றில்டாவின் அக்கா சிஸ்டர் அனக்கிளீத்தா, பொலிவியாவில் ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் பல வருடம் நர்சாக இருந்துவிட்டு இடுப்பு வலிக்கு ஓய்வெடுக்க ஊருக்கு வந்திருந்தவர், ஜபமாலையை மடியில் வைத்துக்கொண்டு எவரிஸ்தோவுக்கு மறுபக்கம் வந்து உட்கார்ந்து ஸ்பானிஷ் மொழியில் ஒரு வார்த்தை கேட்டார், அவன் தாயைக் கண்ட கன்றுபோல அவர் பக்கம் திரும்பினான்.

அவன் பராகுவே நாட்டுக்காரன் என்பதும், அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது என்பதும், பின்கதவு வழியாகக் கேட்கிற இரைச்சலை இத்தனை வாரமாக மைதானத்துக் கூட்டத்தின் இரைச்சல் என்று அவன் நினைத்திருந்தான் என்பதும் சிஸ்டர் வழியாக ஊருக்குத் தெரிந்தது. கடல் இல்லாத நாட்டைப் பற்றிக் கேட்டு ஊர் அன்றைக்கு மிகவும் வருத்தப்பட்டது.

பிறகு அவன் சிஸ்டரிடம் மெல்லக் கேட்டான், என்னைச் சுட்டிச் சுட்டிப் பேசிக்கொண்டிருக்கிற இந்த மனிதர் யார், என்ன சொல்கிறார் என்று.

"ததேயு, நீ என்ன சொல்லுதன்னு கேக்கான்" என்றார் சிஸ்டர்.

ததேயூஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பந்து கெடச்சா தலையக் குனிஞ்சிட்டு ஓடுதான், பக்கத்துல ஆளு நிக்கது இவனுக்குத் தெரியாது, குருட்டுக் கொக்கு மாதிரி ஓடிப்போயி எதிராளிக்க கையில பந்தக் குடுத்திட்டு நிக்கான், கண்ணாடி வாங்கிப் போடச் சொல்லுங்க இல்லேன்னா வேற வேலைக்குப் போவச் சொல்லுங்க."

சிஸ்டர் அதை நாலைந்து வார்த்தைகளில் சொல்லி முடித்தார். எவரிஸ்தோ முகம் மலர்ந்து ததேயூசின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நான் சொன்னதுக்கு ஒருத்தன் கை குடுப்பானா?" என்றார் ததேயூஸ். "சிஸ்டர், நீங்க அவன்ட்ட என்ன சொன்னிய?"

"நீ சொன்னதத்தான். நீ நல்லா ஓடுத, இடைக்கிடைக்குத் தலையத் தூக்கிப் பாருன்னு சொன்னேன். ஸ்பானிஷ்ல கொஞ்சம் இனிப்பாத்தான் வரும்."

அன்றைக்கு மெற்றில்டா மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு அவித்து அயலைக் குழம்போடு கொண்டுவந்தாள். குழம்பில் அவன் முள்ளோடு மல்லுக்கட்டினான், மெற்றில்டா பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் கிழங்கை வாயில் வைத்ததும் அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான், தட்டைப் பார்த்தான், மெற்றில்டாவைப் பார்த்தான், "மாந்தியோ" என்றான். எங்கள் வீட்டில் அம்மா தினமும் அவிப்பது இதைத்தான், எங்கள் காட்டு மொழியில் இதற்கு இதுதான் பெயர் என்றான். அதன்பின் இலவந்துறையில் அந்தக் கிழங்குக்கு மாந்தியோ என்றும் ஒரு பெயர் வந்தது, மார்த்தாண்டம் சந்தையில் போய் மாந்தியோ கேட்டு, வியாபாரி முழித்தபோது அவரைக் கோபித்துக்கொண்ட பெண்களும் உண்டு.

ஊர் ஒரு விருந்தாளியை எப்படிப் பழகிக்கொள்ளுமோ அப்படி அவனைப் பழகிக்கொண்டது. அவனுக்கென்று ஒரு துவர்த்து, ஒரு எவர்சில்வர் டம்ளர், மழைக்கால இருமலுக்குக் கருப்பட்டியும் சுக்கும் போட்ட கட்டன்காப்பி. ஆழ்கடலில் இருக்கிற படகுகள் வயர்லெஸ்சில் மீன்பாடு கேட்பதற்கு முன், "அவன எடுத்தாச்சா?" என்று கேட்டன. பங்குச்சாமியாரிடம் ஒரு பெண், எவரிஸ்தோவைக் கோச் சீக்கிரம் வெளியே எடுக்கவேண்டும் என்ற வேண்டுதலுக்காகப் பூசை வைக்க வந்தாள், சாமியார் அவளைத் திருப்பி அனுப்பினார்; அவளைப்போல் வெளிப்படையாகக் கேட்காதவர்கள் மனதுக்குள் அதையேதான் ஜெபித்தார்கள். அவன் நல்லபடியாக ஆடுகிற நாளில் கிளப்பில் முகங்கள் வாடின. அவன் ஒருமுறை கோல் போட்டபோது பாதிப் பேர் கைதட்டவும் மனமில்லாமல் தட்டாமலிருக்கவும் மனமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோல் போட்டவனை எந்தக் கோச் வெளியே எடுப்பான்?

ததேயூசுக்கோ, இருபது வருடமாக டிவியில் பார்த்த ஆட்டம் வேறொரு ஆட்டமாக மாறிக்கொண்டிருந்தது. எவரிஸ்தோ ஒரு நாற்காலியின் மேல் புளியங்கொட்டைகளைப் பரப்பி, இது நான், இது நடுக்களக்காரன், இது அவர்களுடைய வலப்பக்கத்துக் காவல்காரன் என்று நகர்த்திக் காட்டுவான், சிஸ்டர்கூடத் தேவைப்படாது. அவர் ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த ஒரு பாஸ், ஆளில்லாத இடத்துக்கு அடித்த அந்த அசட்டு பாஸ், உண்மையில் ஓடி வந்திருக்கவேண்டிய ஒருவன் ஓடிவராமல் நின்றதால் அசடாகிப்போன பாஸ் என்று ஒரு கொட்டையை நகர்த்திக் காட்டினான். ததேயூஸ் அந்தக் கொட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு கொட்டையை எடுத்து, ஓடாமல் நின்றவனை விட்டுவிட்டு இவனுக்குக் கொடுத்திருக்கலாமே என்று வேறோர் இடத்தில் வைத்தார். எவரிஸ்தோ அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாரங்களில் ததேயூசின் ஞாயிற்றுக்கிழமைக் குரல் பதிவுகள் முன்னைக்கும் மேலாக இருந்தன என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு.

தை மாதம் பிறந்த பிறகு ஒருநாள் மெற்றில்டா மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டே கேட்டாள், "அவன் படி ஏறும்போ எப்பவும் வலது காலத்தான் மொதல்ல வைக்கான், கவனிச்சியளா?"

"இல்ல."

"எறங்கும்போ இடது கால மொதல்ல வைக்கான். உக்காந்து எந்திக்கும்போ மேசையப் பிடிக்கான். கேட்டியளா, அவனுக்க இடது முட்டு சரியில்ல."

"நான் அவன நாலு வருசமாப் பாக்கேன் மெற்றில்டா, எனக்குத் தெரியாதா?"

"நீங்க டிவியில பாக்கிய ஆளு. நான் வாசல்ல பாக்கிய ஆளு."

அந்தச் சனிக்கிழமை சிஸ்டர் தன் நர்ஸ் குரலில் கேட்டபோது அவன் மறைக்கவில்லை. முழங்காலுக்கு மேல்வரை இழுத்துப் போட்டிருந்த காலுறையை இறக்கிக் காட்டினான். முட்டு, பாறையில் ஒட்டின சிப்பி மாதிரி ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. போன வருடமே தொடங்கிவிட்டது என்றான். அணி டாக்டருக்கும் தெரியாமல், காசுக்கு ஊசி போடுகிற ஒருவனிடம் ஆட்டத்துக்கு முன்னால் போட்டுக்கொள்வதாகவும், ஊசியின் வேகம் இறங்க இறங்கக் கால் கனப்பதாகவும், கோச் வெளியே எடுத்ததும் பெஞ்சில் உட்காராமல் நேரே உள்ளே போவது பக்கத்தில் இருப்பவர்கள் முழங்காலைப் பார்த்துவிடக் கூடாது என்பதால்தான் என்றும் சொன்னான். இந்த ஆட்டக்காலத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, நொண்டிக்காலோடு யார் புது ஒப்பந்தம் போடுவார்கள், ஊரில் அம்மாவும் தம்பி தங்கைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஒரு வீடே இந்தக் காலில் நிற்கிறது என்றான். சிஸ்டர் அதை இனிப்புச் சேர்க்காமல் சொன்னார். மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்டு போகிற மருமகன் என்று தான் சொன்னதும், அதற்கு மஸ்கட் சிரித்ததும் ததேயூசின் காதில் விழுந்துகொண்டே இருந்தன.

அடுத்த நாள் அவர் கடற்கரையில் நின்று ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எவரிஸ்தோவின் ஆட்டம் ஏன் இப்படியாகிறது என்ற கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் இல்லாத பதில் அவரிடம் இருந்தது, அந்தக் கோச்சிடம் இல்லை, பேப்பர்காரர்களிடம் இல்லை, இலவந்துறையில் மீன் ஏலம் போடுகிற ஒருவரிடம் இருந்தது, அதைச் சொன்னால் அது எந்த வழியாகவாவது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும். அவர் அந்த வாரம் ஹெதர்பரோவின் புல்தரை வழுக்கலாக இருந்தது என்று சொல்லி முடித்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் காற்று பலமாக அடித்தது என்றார். அதற்கடுத்த வாரம் எல்லாரும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள் என்றார்.

மஸ்கட்டிலிருந்து அவருடைய தம்பி கிளீட்டஸ் கூப்பிட்டான். "அண்ணே, ஒனக்க நாக்குல பாசி பிடிச்சிருக்கா?"

"ஏம்லே?"

"இங்க ரூமுல எல்லாரும் கேக்கினும். முடிஞ்சதச் செய்தான்னு சொல்லுதுக்கு நீ எதுக்கு, அத டிவிக்காரனே சொல்லுவானே. அவன் வந்து பக்கத்துல உக்காந்து ஒன்ன மயக்கிப்போட்டான்."

"இருக்கும்" என்றார் ததேயூஸ். அப்படி ஒப்புக்கொள்கிற அண்ணனைக் கிளீட்டசுக்குப் பழக்கமில்லை, அவன் பேச்சை மாற்றி அம்மை போட்டிருந்த தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டான்.

மாசி போய்ப் பங்குனி வந்தபோது ஹெதர்பரோ பட்டியலின் அடியில் கிடந்தது. இன்னும் கொஞ்சம் ஆட்டங்களே பாக்கி, தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். ஊசி இப்போது முதல் பாதிக்கே போதவில்லை, அதனால் அவன் முன்னைவிடச் சீக்கிரம் வந்தான், நெடுநேரம் இருந்தான், கிளப் நிறைந்து வழிந்தது. பெண்கள் முறைவைத்துச் சமைத்தார்கள். ரெக்சன் கிளப் சுவருக்கு நீல வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தார். அந்தச் சனிக்கிழமை இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியதுமே கதவு திறந்தது, இந்தமுறை அவன் நொண்டுவதை மறைக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தான், கிளப் முழுவதும் சந்தோஷத்தில் ஒரு சத்தம் எழுந்தது, ததேயூஸ் மட்டும் எழுந்துபோய் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டார்.

அவன் உட்கார்ந்து காப்பி குடிக்கும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு சொன்னார், "சிஸ்டர், நான் பேசப்போறேன். இனிப்பு ஒண்ணும் சேக்காண்டாம். சொன்னத சொன்னபடி சொல்லணும்."

"சொல்லு" என்றார் சிஸ்டர்.

"நீ இந்த மூணு மாசமா ஆடுறது ஆட்டமே இல்ல. ஒத்தக்கால்ல ஆடுத. ஒத்தக்கால்லயே நீ பலபேருக்கு மேல, அத நான் இதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல, இப்ப ஒனக்க மொகத்தப் பாத்து சொல்லுதேன். ஆனா எனக்கு அது போதாது. நீ போயி அவங்கள்ட்ட முட்டக் காட்டு. கீறணும்னா கீறட்டும். ஆறு மாசமோ ஒரு வருசமோ சும்மா கெட. இப்படியே ஊசியில ஓடினியானா ஒனக்கு நடக்கவே கால் இருக்காது, அப்புறம் ஒனக்க வீடு எதுல நிக்கும்?"

சிஸ்டர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். எவரிஸ்தோவின் முகம் சிவந்தது. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேகமாகப் பேசினான், சிஸ்டர் பின்னால் ஓடிப் பிடித்தார். "மைதானத்துல நாப்பதினாயிரம் பேரு என்னய வெளிய போ, வெளிய போங்காங்க. நீங்களும் அதத்தானா சொல்லுதீங்கன்னு கேக்கான்."

"இந்த ரூமுல இருக்கிய எல்லாரும் நீ வெளிய வரணும்னுதான் ஜெபிக்காங்க" என்றார் ததேயூஸ். "வந்தா சோறு போடலாம், கூட உக்காரலாம், அவ்வளவு ஆசை. நானும் ஜெபிச்சிருக்கேன். நீ உள்ள நிக்கணும்னு ஒருத்தனாவது சொல்லாண்டாமா? ரெண்டு காலோட முழு ஆட்டம் நின்னு ஆடு. இங்க வராத."

எவரிஸ்தோ டம்ளரை எடுத்து மீதிக் காப்பியைக் குடித்துவிட்டு, ஆடாதவனை யாரும் வெளியே எடுக்கமாட்டார்கள், வெளியே எடுக்காதவன் அந்தச் சுரங்கவழியில் நடக்கமாட்டான், அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான்.

"தெரியும்" என்றார் ததேயூஸ்.

விசில் ஊதியது. மெற்றில்டா அவித்த கிழங்கை வாழையிலையில் பொதிந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அவளுடைய கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான், சிஸ்டரிடம் ஆசீர்வாதம் வாங்கினான், ததேயூசை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், ஏலக்காரரின் சட்டை நனைந்தது. பிறகு படியில் இடது காலை முதலில் இறக்கிப் போனான்.

அடுத்த வாரம் டிவியில் அவன் பெயர் ஆட்டக்காரர் வரிசையில் இல்லை. முட்டில் அறுவை செய்ய வேண்டியிருக்கிறது, நெடுநாள் மறைத்திருக்கிறான் என்று சொன்னார்கள். ஹெதர்பரோ தோற்றது, அதற்கடுத்தும் தோற்றது, கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஊர் ததேயூசின் மேல் வருத்தமாக இருந்தது. அணி இறங்கியதற்குக்கூட இல்லை. வந்துகொண்டிருந்த ஒருவனை வராதே என்று சொன்னதற்கு. ரெக்சன் கடற்கரையில் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். முறைவைத்துச் சமைத்த பெண்கள் மெற்றில்டாவிடம், "ஒனக்க மாப்பிள அவனுக்கு அப்பனா, கோச்சா?" என்று கேட்டார்கள். "ரெண்டும் இல்ல, வாய வச்சிட்டு சும்மா இருக்கத் தெரியாதவரு" என்று அவள் சொன்னாள், சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடித்த நெத்திலி அவியல் வைத்தாள்.

சிஸ்டர் இடுப்பு சரியாகிப் பொலிவியாவுக்குத் திரும்பிப் போனார். ஆனியும் ஆடியும் கடல் கொந்தளித்து ஓய்ந்தன. பேர்பெற்ற ஆட்டக்காரர்களையெல்லாம் ஹெதர்பரோ விற்றுவிட்டது, முட்டில் தையல் போட்டவனை வாங்க ஆளில்லாததால் அவனைக் குறைந்த சம்பளத்துக்கு இரண்டு வருடம் வைத்துக்கொண்டது என்று செய்தி வந்தது. அதைப் படித்துக் காட்டிய ரெக்சன் நெடுநாளைக்குப் பிறகு ததேயூசின் பக்கத்தில் உட்கார்ந்தார். ததேயூஸ் ஞாயிறுகளில் பதிவு போடுவதை விடவில்லை, ஆனால் கேட்டவர்கள் பாதியிலேயே அணைத்தார்கள். வாரா வாரம் அவர் எல்லா நாட்டு ஆட்டக்காரர்களையும் மன்னித்துக்கொண்டிருந்தார். யாரைத் திட்ட வாயெடுத்தாலும், இவனுக்கு எங்கே வலிக்கிறதோ என்ற நினைப்பு வந்து நாக்கை மடக்கியது. ஏலத்திலும் குரல் இறங்கிவிட்டது என்று கரையில் பேசிக்கொண்டார்கள்.

மறுபடி மார்கழி வந்தது. கீழ்ப்பிரிவு ஆட்டத்தை டிவியில் போடமாட்டார்கள், யாரோ எங்கிருந்தோ திருட்டுத்தனமாகப் பிடித்த ஒளிபரப்பை ரெக்சன் தன் ஃபோனிலிருந்து பெரிய திரைக்குக் கொண்டுவந்தார், ஆட்டக்காரர்கள் தண்ணீருக்கடியில் ஓடுகிறவர்களைப்போல் கலங்கித் தெரிந்தார்கள். ஆனாலும் இடப்பக்கத்தில் பந்தை வாங்கித் தலையைத் தூக்கிப் பார்க்கிறவன் யார் என்று கிளப்பில் எல்லாருக்கும் தெரிந்தது. முதல் பாதி முடிந்தது. இரண்டாம் பாதியில் கோட்டுக்கு வெளியே ஆள் மாற்றுகிற எண் பலகையைத் தூக்கினார்கள், சிலர் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு பெண் துவர்த்தைக் கையில் எடுத்துவிட்டாள். ததேயூஸ் எழுந்து நின்றுவிட்டார். "எடுக்காத" என்றார் திரையைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அவருக்குப் பின்னால் ரெக்சனும் அதைச் சொன்னார், அவருக்குப் பின்னால் மெற்றில்டாவும், பிறகு துவர்த்தை வைத்திருந்தவளும், கடைசியில் கிளப் முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பலகையில் இருந்தது வேறு எண். எவரிஸ்தோ நின்றான், ஓடினான், இரண்டு காலாலும் ஓடினான், ஓர் எதிராளியை வலப்பக்கம் போவதுபோல் காட்டி இடப்பக்கம் தாண்டினான், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோல்கீப்பர் விழுந்துகிடக்க வலை திறந்துகிடக்க பந்து அவன் காலில் வந்து விழ, அவன் அதை மைதானத்துக் கூரைக்கு மேலே அடித்தான்.

விசில் ஊதியது. கதவு திறக்கவில்லை. சமைத்து வைத்திருந்ததைத் தங்களுக்குள் பரிமாறிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், நெடுநாளைக்குப் பிறகு அந்தக் கிழங்கும் குழம்பும் எல்லாருக்கும் ருசித்தன.

மறுநாள் பூசை முடிந்து ததேயூஸ் கடற்கரைக்குப் போனார், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"லேய் எவரிஸ்தோ" என்று தொடங்கினார். "கோல்கீப்பர் கெடக்கான் தரையில. வலை கெடக்கு தொறந்து. எனக்க பொஞ்சாதி மெற்றில்டா சேலையத் தூக்கிச் சொருவிட்டு வந்து அடிச்சிருந்தாலும் அது கோலு. நீ ஆகாசத்துல யாருக்கு அடிச்ச, றெக்க வச்ச சம்மனசுகளுக்கா? போன வருசம் ஒனக்குச் சொல்லுதுக்கு ஒரு காரணம் இருந்து, நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். இப்ப என்ன கொறச்சல், சொல்லு பாப்பம்?" அதற்கப்புறம் அவர் அவனுடைய தலைமுடி வெட்டையும், மூலை உதை எடுத்த லட்சணத்தையும், வலக்காலை எதற்காக வைத்திருக்கிறான் என்பதையும், ஹெதர்பரோவின் புதுக் கோச்சையும், அந்த ஊர் மழையையும், ஸ்பெயினில் அந்த நெட்டையன் கோல்கீப்பரையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, மூச்சு வாங்காமல், கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கும்படி ஏலம் போட்டார்.

அந்தக் குரல் பதிவு மஸ்கட்டுக்குப் போனது, தோகாவுக்குப் போனது. பொலிவியாவின் மலையூருக்குப் போனது. ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு அன்றைக்கே போகவில்லை, அவை கரைப்பக்கமாக வந்து சிக்னல் கிடைத்த பிறகுதான் போனது. மீன் நிறைந்த படகு ஒன்றின் முன்பக்கத்து அணியத்தில் நாலைந்து பேர் ஒரு ஃபோனைச் சுற்றிக் குந்தியிருந்து அதை முழுவதும் கேட்டார்கள், திரும்ப முதலிலிருந்து போட்டுக் கேட்டார்கள், கேட்டு முடித்ததும் அவர்களில் மூத்தவர் பீடியைக் கடலில் எறிந்துவிட்டு, "ததேயுவுக்கு சுகமாயிட்டு" என்றார்.